நாவிழந்த முழவு

ஒரு மக்களினத்தின் முழவைப் பிறர் கவர்ந்துகொள்வது எளிது. அதன் நாவைக் கவர்ந்துகொள்வது அரிது. முழவு தோலும் மரமும் ஆனது. அதை விலை கொடுத்து வாங்கலாம்; பார்த்துப் படி செய்யலாம்; இன்று கணினிக்குள் அடைத்து உலகெங்கும் விற்கவும் செய்யலாம். நாவோ அம்மக்களின் வாய்க்குள் இருப்பது. அவர்களே விட்டுக்கொடுத்தாலன்றி அது பிறர் கைக்குப் போவதில்லை. ஆகலின், ஓர் இசையைக் கொள்ளைகொள்ள விரும்புவோர் முதலில் அதன் சொல்லை நீக்குகின்றனர். சொல் நீங்கிய பின் எஞ்சும் ஒலிக்கு உரியவர் யார் என்று கேட்பார் இல்லை!

இவ்வுண்மைக்குச் சான்று காணப் பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. இன்று மேலைநாட்டு இசைவிழாக்களிலும், சென்னை போன்ற பெருநகர்களின் இரவு விடுதிகளிலும் முழங்கும் ஒரு புதுவகை இசையே போதும். அதனை ஆங்கிலத்தில் 'திராப்' என்றும், அதனொடு சேர்த்துப் 'பேசு' என்றும் வழங்குகின்றனர். முன்னதற்குக் கண்ணி என்பது பொருள். விலங்கு சென்று சிக்கும் கண்ணி. பின்னது இசையின் அடித்தளமாகிய தாழொலியைக் குறிப்பது. பழந்தமிழிசையார் மெலிவு, சமன், வலிவு என வகுத்த மூன்றனுள் மெலிவைச் சார்ந்தது. அவ் ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதினால் 'பேசு' என்னும் ஏவலாகிவிடுகிறது. பேச்சு நீக்கப்பெற்ற இசைக்குப் 'பேசு' என்று பெயர் வாய்த்தது நகைப்புக்குரியதே!

இவ்விசையைப் பற்றித் தமிழரிடையே இருவகைப் போக்குகள் உள்ளன. முதியோர் இதனை வெற்றிரைச்சல் என்று காதைப் பொத்துகின்றனர். இளைஞருள் ஒரு சாரார் இதுவே உலக இசை என்று தலையசைத்துக் கிடக்கின்றனர். இகழ்வோரும் புகழ்வோரும் ஒருங்கே கேளாது விட்ட வினா ஒன்றுண்டு. இவ்வொலி யாருடையது? இதற்கு வாய் இருந்ததா? இருந்ததாயின், அஃது எங்கே போயிற்று?

மேடையில் நிகழ்வது

இந்நிகழ்ச்சியில் பாடகர் இல்லை. கருவியாளர் குழுவும் இல்லை. மேடை நடுவே ஒருவர் நிற்கிறார். ஆங்கிலத்தில் 'டி.சே.' என இரண்டெழுத்தால் அழைக்கப்பெறும் அவரைத் தமிழில் தட்டிசைஞர் எனலாம். இசைத்தட்டைச் சுழற்றி இசை நிகழ்த்துபவர் ஆகலின். அவர் முன்னே இரண்டு சுழல்தட்டுப் பொறிகள். நடுவில் ஒரு கலவைப்பெட்டி. ஒரு பொறியில் ஓடும் இசையைக் கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கையில், அடுத்து வரவேண்டியதை அவர் மட்டும் செவிப்பொறி வழியாகக் கேட்கிறார். இரண்டன் நடையையும் ஒன்றாக்கி, முன்னதைத் தேய்த்துப் பின்னதை வளர்க்கிறார். இவ்வாறு பாட்டுகள் ஒன்றனுள் ஒன்று கரைந்து இடையறாது ஓடும். முன்பு கருந்தட்டுகள் சுழன்றன. இன்று விரலளவு நினைவகத்தினின்று ஒலி பிறக்கிறது. ஆயினும் அடிப்படைக் கைத்திறம் ஒன்றே.

கண்ணியிசையின் நடை மணித்துளிக்கு ஏறத்தாழ 140 அடி என்று கணக்கிடப்பெறும். கேட்போர் உடலோ அதில் பாதியாகிய 70-க்கே அசைந்தாடும். மேலே சிறுதாளத்தின் தட்டொலி மும்மும்மையாகவும் அதனினும் நுணுகியும் பொரிந்து சிதறும். கீழே தாழொலி நொடிக்கு 40, 50 அதிர்வுகளில் நெடிதாய் உருளும். மாந்தர் செவி உணரத்தக்க கீழெல்லை நொடிக்கு ஏறத்தாழ 20 அதிர்வு. அவ்வெல்லையை அணுகும் ஒலியைக் காது கேட்பதினும் நெஞ்சுக்கூடு மிகுதியாய் உணர்கிறது. தட்டிசைஞர் ஒலியைப் படிப்படியாய் ஏற்றிச் சென்று, அனைத்தையும் ஒரு நொடி நிறுத்தி, பின்னர்த் தாழொலியை ஒருசேர இறக்குவார். அவ்விறக்கத்திற்காகவே கூட்டம் காத்துக் கிடக்கும்.

இதில் திறம் இல்லை என்பது அறியாமை. ஊர்த் திருவிழாவில் தவிலும் பம்பையும் உறுமியும் உடலைக் குலுக்குவதை அறிந்த தமிழர், தாழொலியின் ஆற்றலை இகழ்தல் பொருந்தாது. குறை ஒலியில் இல்லை. தாழொலி இறங்குவதற்குச் சற்று முன்னே ஒரு குரல்துண்டு கேட்கும். ஒரு சொல், அல்லது அரைச்சொல். அது நறுக்கப்பெற்று, மீண்டும் மீண்டும் ஒட்டப்பெற்று, முழவைப் போலவே அடிக்கப்பெறும். அக்குரலுக்கு உரியவர் யார், அவர் என்ன சொல்ல வந்தார் என்று கூட்டத்தில் எவரும் அறியார். குறை அங்கேதான் தொடங்குகிறது.

வந்த வழி

யமைக்காத் தீவின் தலைநகராகிய கிங்சுடனில், 1950-களில், பெரும் ஒலிபெருக்கிகளைத் தெருவெளியில் அடுக்கி ஏழைகள் ஆடுவதற்கு இசைத்தட்டுப் போடும் வழக்கம் பரவியது. அங்கே தட்டுச் சுழன்றபோது வாயும் உடன் சுழன்றது. ஒலிவாங்கியைப் பிடித்தவர், ஆங்கில ஆட்சியாளர் இழிவென்று ஒதுக்கிய தம் தீவுப் பேச்சிலேயே, ஓடும் இசையின் மேல் சொல்லடுக்கிப் பேசினார். தட்டிசைஞரின் கலை அன்றே சொல்லோடு பிறந்த கலை.

அந்நகரில் பிறந்து 1967-இல் நியூயார்க்கின் பிராங்சுப் பகுதிக்குக் குடிபெயர்ந்த கூல் எர்க்கு என்பார், 1973 ஆகத்து 11-ஆம் நாள் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் தம் தங்கை நடத்திய கொண்டாட்டத்திற்கு இசைத்தட்டுச் சுழற்றினார். ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி, முழவுப் பகுதியை மட்டும் நீட்டிக்கும் முறையை வளர்த்தவர் அவர். சொல்லிசை என இன்று தமிழில் வழங்கும் இராப்பு இசை அந்நாளில் பிறந்ததாகவே அம்மக்கள் கொண்டாடுகின்றனர். இலண்டனுக்கு வந்த யமைக்கா மக்களும் தம் ஒலிபெருக்கிகளை உடன் கொணர்ந்தனர். அவ்வழி நின்றே, 2000-களின் தொடக்கத்தில் இலண்டனின் தென்புறமாகிய குரோய்டனில், அதே 140 அடி நடையில் 'தப்சுடெப்' என்னும் தாழொலியிசை தோன்றியது. கண்ணியிசையும் தாழொலியிசையும் ஒரே மேடையில் எளிதாய்க் கலப்பதற்கு இவ்வொத்த நடையே கரணியம்.

இனி, அத்தாழொலியைத் தந்த பொறியைப் பார்ப்போம். சப்பானின் உரோலண்டு நிறுவனம் 1980-இல் '808' என்னும் முழவுப்பொறியை வெளியிட்டது. மெய்யான முழவொலி இதில் இல்லை என்று இசைவாணர் பலர் ஒதுக்கினர். ஏறத்தாழ 12,000 பொறிகளே விற்ற நிலையில் 1983-இல் அதன் ஆக்கம் நின்றது. குறையுள்ளவை என்று கழிக்கப்பெற்ற திரிதடையங்களை வாங்கிப் பொருத்தியே அதன் தனியொலியைப் பெற்றதாக நிறுவனர் இக்குத்தாரோ காக்கேகாசி பின்னர்க் கூறினார். கழித்த உறுப்பு, கழித்த பொறி, அதனைப் பழம்பொருட் கடையில் குறைந்த விலைக்கு வாங்கியோரும் குமுகாயம் கழித்து வைத்த மக்களே! 1982-இல் பிராங்சிலும், பின்னர் மயாமி, மெம்பிசு, ஊசுடன், அட்லாண்டா எனத் தென்னமெரிக்க மாநிலங்களல்ல, அமெரிக்க ஒன்றியத்தின் தெற்கு நகர்களிலும் அப்பொறி கருப்பின இளைஞர் கையில் மறுபிறப்பு எடுத்தது. அதன் முழவொலியை நீட்டி நீட்டி அவர்கள் தாழொலியாக்கினர்.

அத்தெற்கை வடக்கு மதிக்கவில்லை. 1995-இல் நியூயார்க்கில் சொல்லிசை இதழொன்று நடத்திய பரிசளிப்பு விழாவில், அட்லாண்டாவின் 'அவுட்காசுட்டு' இணையர் பரிசு பெற மேடையேறியபோது கூட்டம் கூச்சலிட்டு இகழ்ந்தது. இருவருள் ஒருவராகிய ஆண்ட்ரே, தெற்குக்கும் சொல்வதற்கு ஒன்று உண்டு என்று மேடையிலேயே மறுமொழி கூறி இறங்கினார். வடக்கு வளர்வதும் தெற்கு தேய்வதும் என்ன என்பதை அறிந்த தமிழர்க்கு அச்சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை. அவர் கேட்டது பாடும் உரிமை மட்டும் அன்று. தம் மண்ணின் பேச்சில் சொல்லும் உரிமை.

'கண்ணி' என்ற பெயரும் அம்மண்ணின் பேச்சே. அட்லாண்டாவின் ஏழைத் தெருக்களில் மயக்கப்பொருள் விற்கும் வீட்டை அம்மக்கள் கண்ணி என்றனர். உள்ளே போனவன் மீளான். சிறை, இல்லையேல் சாவு. வேலையற்ற ஊரில் பிழைப்பும் அதுவே, அழிவும் அதுவே என்பதை ஒரே சொல்லில் அடக்கிய பெயர் அது. 2003-இல் அட்லாண்டாவின் டி.ஐ. என்னும் சொல்லிசைஞர் தம் தொகுப்பிற்கே 'கண்ணியிசை' என்று பொருள்படும் பெயரை வைத்தார். அதன்பின் அவ்விசை முழுமைக்கும் அப்பெயர் நிலைத்தது. அப்பாட்டுகளில் பொன்னையும் வெறியையும் புகழ்வன உண்டு. பெண்டிரை இழித்துரைப்பன உண்டு. அவற்றைப் போற்றுவதற்கில்லை. ஆயினும் அவை யாருடைய வாயினின்று, எந்நிலையினின்று வந்தன என்பதில் ஐயம் இருக்கவில்லை. சொல் அங்கே சான்றாய் நின்றது.

அப்பேச்சு எத்துணை இகழப்பெற்றது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1996 திசம்பரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரப் பள்ளிக்குழு, கருப்பின மாணவர் வீட்டில் பேசும் மொழியை மதித்து, அதன் வழியே பொது ஆங்கிலம் கற்பிக்க முடிவு செய்தது. நாடெங்கும் எள்ளலும் ஏச்சும் எழுந்தன. கொச்சைக்கு இலக்கணமா என்றனர். 1997 சனவரியில் அமெரிக்க மொழியியற் கழகமோ, அப்பேச்சு எல்லா மொழிகளையும் போல ஒழுங்கும் விதியும் உடையதே என்று அறிவித்தது. உலகம் எதனைக் கொச்சை என்றதோ, அதனையே அட்லாண்டா இளைஞன் மேடையேற்றினான். அவன் கையிலிருந்த பொறி சப்பானியனுடையது. தட்டும் பெட்டியும் எவனெவனோ செய்தவை. அவன் தானே கொணர்ந்தது நாவொன்றே. அந்நா இருந்தமையால்தான் பிறன் செய்த பொறியும் அவனுடைய முழவாயிற்று.

நா அறுந்த கதை

2012-ஆம் ஆண்டை ஒட்டி ஒரு மாற்றம் நேர்ந்தது. பெருந்திரள் கூடும் இசைவிழாக்களின் தட்டிசைஞர் கண்ணியிசையின் முழவையும் தாழொலியையும் எடுத்துக்கொண்டனர், சொல்லிசைஞரை விட்டுவிட்டனர். முழுப்பாட்டு இருந்த இடத்தில் நறுக்கிய குரல்துண்டு நின்றது. பெயரை மட்டும் மாற்றவில்லை. 'கண்ணி' என்றே விற்றனர். கண்ணி எதுவென்று கண்டறியாதவர்கள் கண்ணியிசைக்கு ஆடினர்.

இதன் உச்சம் 2013-இல் நிகழ்ந்தது. பாவர் என்னும் தட்டிசைஞர் 2012 மே திங்களில் வெளியிட்ட 'ஆர்லெம் சேக்கு' என்னும் இசைத்துண்டு, மறு ஆண்டு பிப்பிரவரியில் உலகெங்கும் வலையொளிகளில் கோமாளி ஆட்டங்களுக்குப் பின்னணியாய்ப் பரவியது. அதே திங்களில் 'பில்போர்டு' இதழ் தன் தரவரிசைக் கணக்கில் யூடியூபு வலையொளியையும் சேர்த்தது. அத்துண்டு நேரே முதலிடம் ஏறி, ஐந்து கிழமை அங்கேயே நின்றது.

அதில் கேட்கும் குரல்துண்டுகள் இரண்டு. ஒன்று எக்டர் தெல்காடோ என்னும் புவெர்த்தோ இரிக்கோப் பாடகருடையது. மற்றொன்று பிலதெல்பியாவின் சேசன் மூசன் 2001-ஆம் ஆண்டுப் பாட்டொன்றில் சொன்னது. இருவரிடமும் இசைவு கேட்கப்பெறவில்லை. தம் குரல் உலகின் முதலிடத்தில் நிற்பதைப் பிறர் சொல்லக் கேட்டறிந்த பின்னரே இருவரும் தமக்குரிய பங்கைக் கேட்டனர். அது மட்டுமா? 'ஆர்லெம் சேக்கு' என்பது நியூயார்க்கின் ஆர்லெம் பகுதிக் கருப்பின மக்கள் 1980-களின் தொடக்கத்திலிருந்து ஆடிவந்த ஓர் ஆட்டத்தின் பெயர். உலகம் ஆடிய ஆட்டத்திற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆர்லெம் மக்களிடம் அக்காட்சிகளைக் காட்டியபோது, இஃது எங்கள் ஆட்டமே அன்று என்று பலர் முகம் சுளித்தனர். ஊரின் பெயர் போயிற்று, ஆட்டத்தின் பெயர் போயிற்று, குரல் போயிற்று. உரியவர் மட்டும் ஊரிலேயே நின்றனர்!

சொல்லை விடாதவர் நிலை என்ன ஆயிற்று? அதையும் பார்த்தல் வேண்டும். அட்லாண்டாவின் சொல்லிசைஞர் தம் தெருப்பேச்சிலேயே தொடர்ந்து பாடினர். மும்மும்மையாய்ச் சொல்லடுக்கும் முறையால் பெயர்பெற்ற 'மீகோசு' மூவர் 2017 சனவரியில் அதே தரவரிசையின் முதலிடத்தை எய்தினர். அவ்வாண்டு அமெரிக்காவில் மிகுதியாய்க் கேட்கப்பெற்ற இசைவகை சொல்லிசையும் அதன் உறவிசையுமே என்று நீல்சன் நிறுவனம் கணக்கிட்டது. சொல் இருந்த இடத்தில் உரிமையும் இருந்தது. சொல் நீங்கிய இடத்தில் உரிமையும் நீங்கியது.

சொல்லுக்குச் சிறை, ஒலிக்குப் பரிசு

சொல்லை நீக்குவதில் வணிகர்க்கு மட்டுமே நாட்டம் என்று கருதிவிடலாகாது. ஆளுவோர்க்கும் சொல்லே அச்சம் தருவது. இலண்டன் பெருநகரக் காவல்துறை 2005-இல் '696-ஆம் படிவம்' என ஒன்றைக் கொணர்ந்தது. பதிவிசையின் மேல் தட்டிசைஞரும் சொல்லிசைஞரும் நடத்தும் நிகழ்ச்சிகளுக்கே அது குறிவைத்தது. கலைஞர் அனைவரின் பெயரையும் முகவரியையும் முன்னரே தரவேண்டும். எவ்வகை இசை, வருவோர் எவ்வினத்தார் என்பனவும் தொடக்கத்தில் அதில் கேட்கப்பெற்றன. எதிர்ப்புக்குப் பின் இனவினா நீங்கியது. படிவம் முழுமையாய்க் கைவிடப்பெற்றதோ 2017 நவம்பரில்தான்.

அட்லாண்டாவிலும் இவ்வாறே. 2022-இல் யங் தக் என்னும் சொல்லிசைஞரும் அவரைச் சார்ந்தோரும் கூட்டுக்குற்ற வழக்கில் தளையிடப்பெற்றனர். அவர்தம் பாட்டு வரிகளைச் சான்றாகக் கொள்ளலாம் என்று 2023 நவம்பரில் நடுவர் இசைவளித்தார். 2024 அக்தோபர் இறுதியில் அவர் சில குற்றங்களை ஒப்புக்கொண்டு, இருந்த சிறைக்காலமே தண்டனையாக, நெடுங்கால நன்னடத்தைக் கட்டுப்பாட்டுடன் வெளிவந்தார். குற்றம் செய்தோரைத் தண்டிப்பது முறையே. ஆயினும், பாடியதையே செய்ததாகக் கொள்ளும் வழக்கத்தின் தீமையை உணர்ந்து, கலிபோர்னியா மாநிலம் 2022-இலேயே அதற்கு வரம்பிடும் சட்டம் இயற்றியது என்பதையும் மறத்தலாகாது.

இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது இது. அதே தாழொலி, அதே சிறுதாளம், அதே 140 அடி. சொல்லில்லாமல் ஒலித்தால் அது விழா. சொல்லோடு ஒலித்தால் அது வழக்குமன்றச் சான்று. ஒலிக்குப் பரிசளிக்கும் உலகம் சொல்லைக் கண்டு ஏன் நடுங்குகிறது? ஒலி ஆட்டுவிக்கும், சொல்லோ கேட்பிக்கும், எண்ணுவிக்கும். ஆடுபவனால் எவர்க்கும் தொல்லையில்லை. எண்ணுபவனால் உண்டு.

தமிழ்ப் பாட்டுக்கு நேர்ந்தது

இஃதெல்லாம் எங்கோ நடந்தது என்று தமிழர் வாளாவிருக்க இயலாது. இதே தட்டிசை மேடையின் நிழல் தமிழ்ப் பாட்டொன்றின் மேலும் விழுந்தது. 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' என்னும் பாட்டு வெளிவந்தது. இசையமைத்தவர் சந்தோசு நாராயணன். பாடியோர் தீ என்னும் பாடகியும், பாடலை எழுதிய அறிவும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமின்றித் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வை அறிவு அதில் வைத்தார். மலையகத் தமிழரின் கண்ணீர் அதன் வேர். தலைப்பில் ஆங்கிலத்தை ஒட்டவைத்தது குறையே. 2019-இல் 'தெருக்குரல்' என்று நல்ல தமிழில் தொகுப்புக்குப் பெயர் வைத்தவர் அவர் என்பதால் அக்குறை மிகுதியாய் உறுத்துகிறது. எனினும் பாட்டின் உயிர் தமிழ். ஒப்பாரியும் உழவும் கலந்த மண்ணின் தமிழ்.

அவ்வாண்டிலேயே பிரான்சு நாட்டுத் தட்டிசைஞர் ஒருவர் அப்பாட்டுக்கு மறுகலவை செய்தார். 'டி.சே. சுநேக்கு' என்னும் அவர், அட்லாண்டாவின் லில் சானுடன் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட கண்ணியிசைத் துண்டால் உலகப் பெயர் பெற்றவர். மறுகலவைக்கு நியூயார்க்கின் டைம்சு சதுக்கத்தில் பெரும் விளம்பரப் பலகை எழுந்தது. அதில் தட்டிசைஞர் இருந்தார், பாடகி இருந்தார், பாட்டை எழுதிப் பாடிய அறிவு இல்லை. அப்பலகை இரு பொருளிலும் அறிவற்று நின்றது! அடுத்து ஆகத்துத் திங்களில், 'உரோலிங் சுடோன்' இதழின் இந்தியப் பதிப்பு அட்டையிலும் அவர் படம் இடம்பெறவில்லை. இயக்குநர் பா. இரஞ்சித்து முதலானோர் வெளிப்படையாய்க் கண்டித்த பின்னரே அவ்விதழ் அறிவின் படத்தோடு மின்னிதழ் அட்டையொன்றை வெளியிட்டது.

இதில் ஒருவர் மீது மட்டும் பழி சுமத்துவது நோக்கம் அன்று. அக்கலைஞர்களுக்குள் யார் பங்கு எவ்வளவு என்பது அவர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டியது. கருதத்தக்கது வேறு. தமிழறியாத அவைக்கு ஒரு தமிழ்ப்பாட்டு செல்லும்போது, அங்கே சொல் வெறும் ஒலியாகிவிடுகிறது. சொல் ஒலியான கணமே சொல்லாக்கியவன் தேவையற்றவன் ஆகிறான். ஆர்லெமில் நிகழ்ந்தது அதுவே. டைம்சு சதுக்கத்தில் நிகழ்ந்ததும் அதுவே. அதிலும் முதலில் மறைக்கப்பெறுபவன் எவன்? நிலமற்ற குடியில் வந்தவன்! பறையின் ஒலியைத் திருவிழாவிற்கு அழைத்துக்கொண்டு, பறையடித்தவனைத் தெருமுனையில் நிறுத்திய குமுகாயத்திற்கு இது புதிதும் அன்று. அயலார் செய்த பிழையைக் கண்டிப்பதற்கு முன் தமிழர் தம் முற்றத்தையும் பெருக்க வேண்டும்.

இசைக்கு மொழியில்லையாம்!

இதற்கெல்லாம் ஒரே மறுமொழி ஆயத்தமாய் இருக்கிறது: இசைக்கு மொழியில்லை என்பது. இப்பழமொழி தமிழர்க்கு நன்கு அறிமுகமானது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலால் தமிழிசையின் தொன்மையை நிலைநாட்டிய பின்னும், 1940-களில் தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப்பாட்டு வேண்டும் என்று இயக்கம் எழுந்தபோது, இசைக்கு மொழி ஏது என்றே சிலர் கேட்டனர். அவ்வாறு கேட்டோர் மேடையில் மொழியில்லாமலா இருந்தது? தெலுங்கு இருந்தது, வடமொழி இருந்தது. தமிழ் மட்டுமே துக்கடாவாகக் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இசைக்கு மொழியில்லை என்பதன் மெய்ப்பொருள், இசைக்கு உன் மொழி வேண்டா என்பதே! 1943-இல் தமிழிசைச் சங்கம் தோன்றியதே அப்பொய்யை உடைக்கத்தான்.

இன்றைய இரவு விடுதி மேடையும் மொழியற்றது அன்று. நிகழ்ச்சியின் பெயர் ஆங்கிலம். நுழைவுச் சீட்டு ஆங்கிலம். தாழொலி இறங்குமுன் கூட்டத்தை நோக்கி எழுப்பும் கூச்சல் ஆங்கிலம். அதுவும் தமிழிளைஞன் தன் ஆங்கிலத்தில் கூவுவதில்லை. அட்லாண்டாக் கருப்பினத்தான் நூற்றாண்டுத் துன்பத்தில் வடித்தெடுத்த ஒலிப்பை இரவல் வாங்கிக் கூவுகிறான். அவனைப் போலச் செய்வதாக இவன் எண்ணுகிறான். மெய்யாகவே அவனைப் போலச் செய்ய விரும்பினால், இவன் செய்ய வேண்டியது என்ன? அவன் பிறன் நாவில் பாடவில்லை. இகழப்பட்ட தன் தாய்ப்பேச்சில் பாடினான். அவனிடம் கற்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டு, கற்கவேண்டாத பிறவற்றையெல்லாம் கற்றுக்கொள்வது எவ்வகை மாணாக்கம்?

பொறியை வெறுப்பது தமிழியக்கத்தின் வேலை அன்று. அச்சுப்பொறி அயல்நாட்டினின்று வந்தது; அதில் சங்க நூல்கள் ஏறின; தமிழ் மறுவாழ்வு பெற்றது. 808 முழவும் அவ்வாறே ஒரு பொறி. அதில் தமிழ் ஏறுமானால் அதுவும் தமிழ்முழவே. இயலாத செயலும் அன்று. மலேசியத் தமிழராகிய யோகி பி-யும் நட்சத்திரா குழுவினரும் 2006-இல் 'வல்லவன்' என்னும் தொகுப்பைத் தமிழ்ச் சொல்லிசையாகவே வெளியிட்டுக் கடல்கடந்து செவிகளை ஈர்த்தனர். பொறி தடுக்கவில்லை, நடை தடுக்கவில்லை. தமிழில் மும்மை நடைக்கா பஞ்சம்? திச்ரம் என்று பெயர் மாற்றி வழங்கப்பெறும் மும்மை நடை தவிற்காரர் விரலில் நாளும் விளையாடுவது. வல்லினமும் மெல்லினமும் மாறி மாறி மோதும் தமிழ்ச்சொல் அந்நடைக்கென்றே வார்த்தெடுத்தது போன்றது.

ஆகலின் தமிழ் தட்டிசைஞரிடமும் சொல்லிசைஞரிடமும் வேண்டப்படுவன அரியன அல்ல. தம் கருவிக்கும் தம் இசைவகைக்கும் தமிழில் பெயரிடுக. தலைப்பில் தொடங்கி இறுதிக் கூச்சல் வரை தம் மண்ணின் தமிழில் சொல்லுக. அது சேரித் தமிழாயினும் மலையகத் தமிழாயினும் சரி, அது தமிழ். தமிழ்ப்பாட்டை எவர் மறுகலவை செய்ய முன்வந்தாலும், இசைப்போன் பெயருக்கு முன்னே பாட்டெழுதியவன் பெயர் நிற்க வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்க. குரலை நறுக்க விரும்புவோர் முதலில் குரலுக்குரியவனிடம் கேட்கட்டும்.

கிங்சுடன் தெருவிலும் பிராங்சுக் குடியிருப்பிலும் அட்லாண்டாச் சேரியிலும் ஒன்றுமில்லாத மக்கள் மெய்ப்பித்துக் காட்டியது இதுதான்: தன் சொல்லைக் காத்தவன் பிறன் பொறியையும் தன் முழவாக்கிக்கொள்வான், தன் சொல்லை இழந்தவனுக்குத் தன் பறையே ஒருநாள் பிறன் முழவாய்க் கேட்கும். தமிழிளைஞன் எவ்வொலிக்கும் ஆடட்டும். ஆடுமுன் தன் நா தன் வாயில் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்!